கோப்புகளின் வரிசை

நேற்று முன்னிரவில் என் ஆய்வேட்டின் நான்காம் இயலிலிருந்து ஒரு பத்தியை நீக்கினேன். பதினேழு வரிகள். நான்கு ஆண்டுகளாகத் திருத்தித் திருத்தி எழுதிய பத்தி. இரண்டு கருத்தரங்குகளில் படித்தும் இருக்கிறேன். அதை நீக்கச் செய்தது கணினியின் கட்டளைவரியில் நான் தட்டிய ஈரெழுத்துக் கட்டளை ஒன்றும், அதன் பின்னால் ஒட்டிய ஒரு சிறு தெரிவும். நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். களப்பதிவுகளோடு வேலை செய்யும் மாணவ நண்பர்களுக்கு ஒருவேளை பயன்படலாம்.

என் ஆய்வு கோலாமி மொழியைப் பற்றியது. மராட்டிய மாநிலத்தின் யவத்மாள் மாவட்டத்திலும் அதை ஒட்டிய தெலுங்கானாப் பகுதியிலும் வழங்கும் திராவிட மொழி அது. எமனோ அதற்கு எழுதிய இலக்கணம் 1955இல் வெளிவந்தது. பரோவோடு சேர்ந்து திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தந்த அதே எமனோதான். அவர் பதிவுசெய்த சொற்களில் எவை இன்றும் மக்கள் வாயில் உள்ளன, எவற்றின் இடத்தில் மராத்தி வந்து அமர்ந்துவிட்டது என்பதே என் நான்காம் இயல். 2019 டிசம்பரில் யவத்மாளின் ஒரு சிற்றூரில் ஆறு நாள் தங்கினேன். என் முதல் களப்பணி. அங்கே எனக்கு மொழி தந்தவர் ஒரு மூதாட்டி. நான் அவரை மராத்தி வழக்கப்படி ‘ஆஜி’ என்று அழைத்தேன். அவர் என்னைப் ‘போரி’ என்றார், சிறுமி என்ற பொருளில். 2021இல் அவர் காலமானார்.

ஆஜி சொன்ன ஒரு கதையில் எமனோவின் நூலிலுள்ள பழஞ்சொல் ஒன்று வருகிறது. ஊரில் இளையோர் எவரும் அச்சொல்லை அறியார். மராத்திச் சொல்லையே ஆளுகின்றனர். (ஆய்வேடு இன்னும் மதிப்பீட்டுக்குச் செல்லவில்லை என்பதால் சொல்லை இங்கே எழுதவில்லை. பொறுத்தருள்க.) யாரும் தூண்டாமல், கதையின் ஓட்டத்தில், இயல்பாக அவர் நாவில் வந்த சொல் என்பதால் அது மூத்த தலைமுறையிடம் உயிரோடு இருக்கிறது என்று எழுதினேன். அந்தப் பதினேழு வரிகளின் சாரம் இதுதான்.

சென்ற மாதம் எங்கள் துறையில் ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் நடக்கும் கருத்துரை நிகழ்ந்தது. பேராசிரியர்கள் கேட்டவை அனைத்துக்கும் விடை சொல்லி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்த முதலாண்டு மாணவி ஒருத்தி கையுயர்த்தினாள். “அக்கா, அந்தச் சொல்லை நீங்களும் ஆஜியிடம் கேட்டிருக்கிறீர்கள் அல்லவா? எமனோவின் சொற்பட்டியலை அவரிடம் படித்துக் காட்டியதாக இரண்டாம் இயலில் வருகிறதே. படித்துக் காட்டியது முன்பா, கதை முன்பா?”

“கதைதான் முன்பு” என்றேன், சற்றும் தயங்காமல். அறைக்குத் திரும்பியதும்தான் அந்தத் தயக்கமின்மை என்னை உறுத்தியது. எப்படித் தெரியும் எனக்கு? குறிப்பேட்டில் அந்த வாரப் பக்கங்கள் எதிலும் நாள் குறிக்கவில்லை. எல்லாம் நினைவிருக்கும் என்று நம்பிய காலம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்புகளின் வரிசை. கதை இருக்கும் கோப்பின் பெயர் 01-014. சொற்பட்டியல் கோப்பின் பெயர் 02-003. முதலெண் பதிவுக் கருவியின் கோப்புறையைக் குறிக்கும். அடுத்தது அதற்குள் வரிசையெண். ஆண்டுக்கணக்கில் அவற்றை அதே வரிசையில் பார்த்துப் பார்த்து, அதுவே நடந்த வரிசை என்று மனம் எடுத்துக்கொண்டுவிட்டது.

கட்டளைவரி பழக்கமில்லாதவர்களுக்காகச் சற்று விளக்கம். யூனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் ஒரு கோப்புறைக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் கட்டளை ‘எல்எஸ்’. பட்டியல் என்று பொருள்படும் ‘லிஸ்ட்’டின் சுருக்கம். மல்டிக்ஸ் என்ற முன்னோடி அமைப்பிலிருந்து வந்த பெயர். 1971 நவம்பரில் வெளியான முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இக்கட்டளை இருக்கிறது. அதற்கு அன்று ஐந்தே தெரிவுகள், ஒவ்வொன்றும் ஓரெழுத்து. ‘எல்’ என்பது விரிவான பட்டியல்; ‘டி’ என்பது கால வரிசை; ‘ஏ’ என்பது அனைத்தையும் காட்டு; மற்ற இரண்டு அளவையும் கோப்புறையையும் பற்றியவை. இன்று அத்தெரிவுகள் ஆங்கில அரிச்சுவடியின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. ஆனால் 1971இலும் இன்றும் ஒன்று மாறவில்லை: எந்தத் தெரிவும் தராவிட்டால் பெயர் வரிசையில்தான் காட்டும். நாம் ஒன்றும் கேட்காதபோது அது நமக்காக ஒரு கேள்வியைத் தேர்ந்துகொண்டு அதற்கு விடை சொல்கிறது. அந்த விடைக்கும் கோப்புகள் பிறந்த காலத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெயர் வரிசை என்பதும் அவ்வளவு எளிதன்று. எண்ணுக்கு முன் சுழியம் சேர்க்காமல் பெயரிட்டால் பத்து இரண்டுக்கு முன் வந்து நிற்கும்; ‘வி’ என்ற தெரிவைத் தந்தால்தான் எண்ணை எண்ணாக மதிக்கும். கணினியின் மொழியமைப்பை மாற்றினாலும் வரிசை மாறும்: ஓர் அமைப்பில் பெரிய எழுத்துகள் எல்லாம் முன்னே வரும், மற்றொன்றில் பெரியதும் சிறியதும் கலந்து வரும். ஒரே கோப்புறையை என் மடிக்கணினியும் துறையின் வழங்கியும் வெவ்வேறு வரிசையில் காட்டியதைப் பார்த்து, ஏதோ கோப்பு தொலைந்துவிட்டது என்று ஒரு முறை ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

அன்றிரவு துறையின் வழங்கியில் நுழைந்து ‘எல்’, ‘டி’, ‘ஆர்’ மூன்றையும் சேர்த்துத் தட்டினேன். விரிவாக, கால வரிசையில், பழையது முதலாக. ‘ஆர்’ என்பது வரிசையைத் திருப்பிப்போடும் தெரிவு. அது இல்லாவிட்டால் புதியது மேலே வரும். கதை மேலே, சொற்பட்டியல் கீழே. நான் சொன்னபடியே! நிம்மதியாக எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கையில்தான் நாள் என்ற பத்தியைக் கவனித்தேன். நாற்பது கோப்புகளுக்கும் ஒரே நாள்: 2020 ஜனவரி 6. அன்று நான் ஐதராபாத்தில் இருந்தேன்.

நடந்தது இதுதான். ஊர் திரும்பிய பின் பதிவுகளை நானே வழங்கிக்கு நகலெடுத்திருக்கிறேன், ‘சிபி’ என்ற கட்டளையால். அதோடு ‘பி’ என்ற தெரிவைச் சேர்த்திருந்தால் மூலக் கோப்பின் காலம் நகலுக்கும் வந்திருக்கும். சேர்க்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நகலும் தான் நகலெடுக்கப்பட்ட நொடியையே தன் பிறப்பாகக் கொண்டுவிட்டது. அது மட்டுமா? எல்லாவற்றையும் எடு என்று நட்சத்திரக் குறி போட்டிருக்கிறேன். அக்குறி பெயர் வரிசையில்தான் விரியும். முதலில் 01, பிறகு 02. எனவே நகல்களின் கால வரிசை என்பது பெயர் வரிசையின் எதிரொலி. என் தவற்றையே எனக்குச் சான்றாகத் திருப்பித் தந்தது கணினி. சான்று என்று நாம் கொண்டாடுவனவற்றில் இவ்வகை எத்தனையோ என்று தோன்றியது.

மூலம் எங்கே? பதிவுக் கருவியின் நினைவக அட்டையை நல்லவேளையாக அழிக்காமல் ஓர் உறையிலிட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மறுநாள் அதை ஆய்வகக் கணினியில் செருகி அதே மூன்றெழுத்தைத் தட்டினேன். வரிசை தலைகீழாக வந்தது. 02 முன்னே. 01 பின்னே. சொற்பட்டியல் கோப்புக்கு 2019 டிசம்பர் 12 என்றும், கதைக்கு டிசம்பர் 15 என்றும் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். அந்தக் கணம் நான் தேடியது விடையை அல்ல. அந்தப் பட்டியலில் ஒரு குறையை. ஒன்று கிடைக்கவும் செய்தது. டிசம்பர் 15ஆம் நாள் நான் எதையும் பதிவு செய்யவில்லை. அன்று விடியற்காலை முதல் பேருந்தில் ஊரைவிட்டுக் கிளம்பி நாக்பூரில் இரயில் பிடித்தேன். பயணச்சீட்டின் தேதி மின்னஞ்சலில் இன்னும் இருக்கிறது. ஆகக் கருவியின் கடிகாரம் தவறு. கடிகாரம் தவறென்றால் இந்த வரிசையும் நம்பத்தக்கதன்று. என் பத்தி பிழைத்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்ட மாணவிக்கு வழங்கியின் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருந்தால்கூட அவள் ஏற்றுக்கொண்டிருப்பாள். இன்னும் சொன்னால், ‘டச்’ என்றொரு கட்டளை இருக்கிறது; எந்தக் கோப்புக்கும் நாம் விரும்பிய நாளையும் நேரத்தையும் பொருத்திவிடும். தவறான நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட கட்டளை அன்று. ஆனால் அன்று மாலை அதன் பெயர் என் நினைவில் வந்தது என்பதை மறைப்பதில் பொருளில்லை.

ஆனால் விரிவான பட்டியலுக்கு ஒரு வழக்கம் உண்டு. அண்மைக் கோப்பென்றால் நாளோடு மணியையும் காட்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்டதென்றால் மணியை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் காட்டும். பழைய கோப்பின் மணி யாருக்கு வேண்டும் என்பது அதை அமைத்தவர்களின் எண்ணம் போலும். மணி வேண்டுமென்றால் கேட்க வேண்டும். ‘ஃபுல்-டைம்’ என்பது அந்தத் தெரிவு. முன்னே இரண்டு சிறுகோடுகள் இட்டுத் தட்ட வேண்டும். தட்டினேன்.

கதைக் கோப்பு: 2019 டிசம்பர் 15, 02:10:36. நொடிக்குப் பின் ஒன்பது சுழியங்கள். அதன் பின் +0530.

நள்ளிரவு இரண்டு மணி பத்து நிமிடம். அந்நேரத்தில் ஆஜியும் உறங்கினார், நானும் உறங்கினேன். பிற கோப்புகளையும் பார்த்தேன். சொற்பட்டியல் இரவு 10:52. ஊரின் கோயில் பாட்டைக் காலையில் பதிந்த கோப்பு பகல் 1:04. எல்லாமே பொருந்தாத நேரங்கள். ஆனால் ஒரே அளவில் பொருந்தாதவை. அந்த அட்டையின் கோப்பு முறைமை ‘ஃபேட்’ என்பது. நேரத்தைக் கருவி காட்டும் எண்ணாக மட்டுமே அது எழுதி வைக்கும். எந்த நாட்டு நேரம் என்று எழுதாது. ஆய்வகக் கணினி அவ்வெண்ணை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொண்டு, இந்திய நேரமாக்கிக் காட்ட ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டது. அந்த ஐந்தரை மணியைக் கழித்தேன். காலைப் பாட்டு 7:34. சொற்பட்டியல் மாலை 5:22, வியாழக்கிழமை டிசம்பர் 12. கதை இரவு 8:40, சனிக்கிழமை டிசம்பர் 14. ஊரில் நான் தங்கிய கடைசி இரவு. கடிகாரம் சரியாகவே ஓடியிருக்கிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாக் கோப்புகளின் நொடிகளும் இரட்டை எண்கள்: 36, 08, 52, 14. ஃபேட் முறைமை மாற்ற நேரத்தை இரண்டிரண்டு நொடியாகத்தான் எழுதும். கருவி எழுதிய காலம் அப்படியே இருக்கிறது என்று நம்ப எனக்கு அது போதுமானதாயிற்று.

ஆயினும் எண்களை மட்டும் நம்பி நிறுத்த மனம் வரவில்லை. இரண்டு பதிவுகளையும் முதலிலிருந்து மீண்டும் கேட்டேன். நான்கு ஆண்டுகளாக நான் கேட்டதெல்லாம் எழுத்துப்பெயர்ப்புக்குத் தேவையான பகுதிகளையே. சொற்பட்டியல் முடிந்ததும் கருவியை நிறுத்த மறந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். “நாளைக்குச் சந்தை, போரி, நீயும் வா” என்கிறார் ஆஜி. கதைப் பதிவில், கதைக்கு அடியில், விடாமல் ஒரு சிறு ஒலி. மடக்கு மடக்கென்று. நிலக்கடலையைத் தோலுடைக்கும் ஒலி. வெள்ளிக்கிழமைச் சந்தையில் இருவரும் வாங்கியது; அவர் விலை பேசியதும், நான் பணம் கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டதும் நினைவுக்கு வந்தன. சொற்பட்டியல் முன்பு. கதை பின்பு. முந்தைய பயனர் கருவியை இரண்டாம் கோப்புறையில் வைத்துவிட்டுப் போயிருக்க, முதலிரண்டு நாள் நான் கவனிக்காமல் அதிலேயே பதிந்து, பிறகு ஒழுங்குக்காக முதல் கோப்புறைக்கு மாற்றியிருக்கிறேன். ஒழுங்கு!

ஆக, அச்சொல்லை ஆஜி கதையில் ஆள்வதற்கு இரண்டு நாள் முன்பே, எமனோவின் பட்டியலிலிருந்து நான் அதை அவர் காதில் போட்டிருக்கிறேன். கதையில் ஒலிப்பது அவருடைய சொல்லா, என் எதிரொலியா என்று பிரிக்க எனக்கு இனி வழியில்லை. கேட்டு அறிய அவரும் இல்லை.

வழிகாட்டி அம்மையாரிடம் அட்டையோடு போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் இரண்டு கேள்விகளே கேட்டார். “படித்துக் காட்டியபோது அவர் என்ன சொன்னார்?” சொன்னேன். பதிவில் தெளிவாக இருக்கிறது: சற்று நேரம் பேச்சில்லை, பிறகு, “ஆமாம், என் அம்மா சொல்வாள்” என்கிறார். “அதை ஏன் எழுதவில்லை?” என்றார் அம்மையார். என்னிடம் விடையில்லை. உயிரோடிருக்கும் சொல் என்ற முடிவுக்கு ‘என் அம்மா சொல்வாள்’ என்பது இடைஞ்சலாகத் தோன்றியிருக்க வேண்டும். நீக்கிய பதினேழு வரிகளின் இடத்தில் இப்போது ஆறு வரிகள் இருக்கின்றன. அச்சொல்லை அவர் தாயின் சொல்லாக அடையாளம் கண்டார் என்றும், இரண்டு நாளுக்குப் பின் தாமே ஆண்டார் என்றும், முந்தையது பிந்தையதைத் தூண்டியிருக்கலாம் என்றும் மட்டும் எழுதியிருக்கிறேன். கருத்தரங்க அமைப்பாளர்கள் இருவருக்கும் திருத்தம் எழுதியாயிற்று. கேட்ட மாணவிக்கு இன்று காலை நேரில் சொன்னேன். அவள் சங்கடப்பட்டாள், நான்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்புகளின் காலம் பற்றி நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. ஒரு கோப்புக்குக் காலம் ஒன்றல்ல. ‘டி’ காட்டுவது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். அதோடு ‘சி’ சேர்த்தால், பெயர், உரிமை முதலான நிலை மாறிய நேரம். இதை ‘டச்’சால் விரும்பியபடி பொருத்த இயலாது. ‘யு’ சேர்த்தால் கடைசியாகப் படித்த நேரம். ஆனால் 2009க்குப் பிந்தைய லினக்ஸில் இயல்பு நிலையில் ஒவ்வொரு படிப்பும் பதியப்படுவதில்லை, வட்டுக்கு வேலை மிச்சம் என்பதற்காக. அதை நம்பி எதையும் வாதிட வேண்டாம். நகலெடுக்கும்போது ‘பி’யை மறவாதீர்கள். குறிப்பேட்டில் நாளை எழுதுங்கள். இதை நான் சொல்வது சற்று மிகைதான்.

எழுதாமல் விட முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. அட்டையில் கோப்புகள் கொஞ்சமே இருந்தும் நிரம்பிய அளவு கூடுதலாகத் தெரிந்தது. ‘ஏ’ தெரிவைச் சேர்த்துப் பார்த்தேன். புள்ளியில் தொடங்கும் பெயர்களை எல்எஸ் தானாகக் காட்டுவதில்லை. இதுவும் திட்டமிட்டு வந்த வழக்கமன்று. தொடக்க யூனிக்ஸில், கோப்புறை தன்னையும் தன் மேலுறையையும் குறிக்க வைத்திருந்த ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி இரண்டையும் பட்டியலிலிருந்து விலக்க நினைத்தவர்கள், சோம்பலாகப் பெயரின் முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்தார்கள். அதனால் புள்ளியில் தொடங்கும் எல்லாமே மறைந்துபோயின என்று ராப் பைக் 2012இல் எழுதியிருக்கிறார். அப்படி மறைந்த ஒரு கோப்புறை என் அட்டையிலும் இருந்தது: புள்ளி, ட்ராஷ், ஒரு சிறுகோடு, 1000. லினக்ஸ் மேசைத்தளத்தில் நாம் அழித்ததாக நினைப்பவை செருகிய அட்டைக்குள்ளேயே போய் ஒதுங்கும் குப்பைக்கூடை அது. எந்த நாளில் எங்கிருந்து எறிந்தோம் என்ற குறிப்பும் அதற்குள்ளேயே இருக்கும். ஐதராபாத் திரும்பியபின் பயனற்றவை என்று நான் எறிந்த ஏழு கோப்புகள். பெரும்பாலும் காற்றின் இரைச்சல், ஆட்டுக்குட்டிகள், கருவியை உராயும் துணி.

ஒன்று மட்டும் டிசம்பர் 10, மாலை. ஒன்றரை நிமிடம். ஒலிவாங்கியைச் சோதிக்க நான் தமிழில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறேன். ஆஜி சிரிக்கிறார். அது என்ன, எங்கள் பேச்சை நீ எப்படி அறிவாய் என்று மராத்தியில் கேட்கிறார். பிறகு தாமே எண்ணிக் காட்டுகிறார். நான்கு வரை எண்ணியவை எந்தத் தமிழ்க் காதுக்கும் அந்நியமாக ஒலிக்காது. ஐந்திலிருந்து மராத்திக்குத் தாவி, பத்து வரை போய், மீண்டும் சிரிக்கிறார். யாரும் பட்டியல் படிப்பதற்கு முன், எவரும் கேட்காமல், அவராகச் சொன்னவை.

அதைக் குப்பையிலிருந்து வெளியே எடுத்து, இம்முறை ‘பி’ சேர்த்து, வழங்கிக்கு நகலெடுத்தேன். கால வரிசையில் பட்டியலிட்டால் இப்போது அது முதலில் வருகிறது.